கிரகணப் படத்தைக் குறைந்த செலவில் அச்சிடுதல்

2025 செப்டம்பர் 7ஆம் தேதி இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணம் இந்தியாவெங்கும் காணக்கூடியதாயிருந்தது. அதனைப் படம்பிடித்த ஆசிரியர்கள் அப்படத்தை வகுப்பறைச் சுவரில் மாட்ட விரும்புதல் இயல்பே. ஆயினும் கணினித் திரையில் செம்பு நிறமாய் ஒளிர்ந்த சந்திரன், காகிதத்தில் வெறும் கரிய வட்டமாக வந்துவிடுவதுண்டு.

திரை தானே ஒளிவிடுவது. காகிதமோ தன்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியையே திருப்பி அனுப்புவது. ஆதலின் அச்சுக்குரிய பிரதியில் பிரகாசத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும். எவ்வளவு என்பதை ஊகத்திற்கு விடலாகாது. படத்தை நான்கு பிரகாச நிலைகளில் ஒரே தாளில் அமைத்து, 4க்கு 6 அங்குல அளவில் அச்சிட்டு, மாட்டவிருக்கும் இடத்திலேயே வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இச்சிறு செலவு பெரிய தாள் வீணாவதைத் தடுக்கும். தானியங்கித் திருத்தம் வேண்டாமென ஸ்டூடியோவில் முன்னரே சொல்லிவிடுதல் நலம். அது கரிய வானத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடக்கூடும்.

அங்குலத்திற்கு 300 பிக்சல் வேண்டுமென்பது கையில் வைத்துப் பார்க்கும் படத்திற்கே பொருந்தும். சுவரில் மாட்டும் 12க்கு 18 அங்குலப் படத்திற்கு 150 போதும்; அதாவது 1800க்கு 2700 பிக்சல்.

பளபளப்பற்ற தாளே ஏற்றது. கண்ணாடிச் சட்டம் செலவை மிகுவிப்பதோடு, கரிய படத்தின்மேல் சன்னலையும் பார்ப்போர் முகத்தையுமே காட்டும். தடித்த அட்டையில் ஒட்டி, வெயில் படாத சுவரில் மாட்டினால் போதுமானது. அடியில் இடம், தேதி, படமெடுத்த நேரம் ஆகியவற்றைத் தவறாது எழுதுக. அன்று முழு மறைவு இந்திய நேரப்படி இரவு 11 மணி முதல் ஏறத்தாழ 12.22 வரை நீடித்தது. நேரம் குறித்திருந்தால், படம் அதன் எக்கட்டத்தைக் காட்டுகிறதென மாணவரே கணக்கிட்டுக்கொள்வர்.