நிறம் சொல்லும் கதை
பழைய உலோக விளையாட்டு வண்டிகளில் அரிய நிறங்களை இனங்காணும் முறை

பிரித்தானியாவின் ஞாயிற்றுச் சந்தைகளிலும் தரும நிறுவனக் கடைகளிலும் பழைய உலோக விளையாட்டுக் கார்கள் பெட்டி பெட்டியாகக் குவிந்திருப்பதைக் காணலாம். வர்ணம் உதிர்ந்து, சில்லுக் கழன்று கிடக்கும் அவற்றைப் பெரும்பாலோர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆயினும், அவற்றுள் ஏதேனும் ஒன்று, தன் நிறம் ஒன்றினாலேயே ஏனையவற்றைக் காட்டிலும் பன்மடங்கு விலை பெறக்கூடும். அதனாலேயே பொய்யான நிறம் பூசி விற்போரும் உலகில் உளர். மெய்யான அரிய நிறத்தையும் பொய்யானதையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீப்பெட்டிக்குள் அடங்கிய வண்டிகள்

1947 ஆம் ஆண்டில் லெஸ்லி சிமித், றொட்னி சிமித் என்னும் இருவர் இலண்டனில் ஒரு வார்ப்புத் தொழிலகத்தை ஆரம்பித்தனர். இவர்கள் உறவினர் அல்லர். ஒரே குடும்பப் பெயரைக் கொண்ட நண்பர்கள். இருவரின் பெயர்களிலிருந்தும் சில எழுத்துக்களை எடுத்து ‘லெஸ்னி’ எனத் தம் நிறுவனத்துக்குப் பெயரிட்டனர். ஜாக் ஓடெல் என்னும் திறமைமிக்க தொழில்நுட்பவியலாளர் பின்னர் இவர்களுடன் இணைந்தார்.

ஓடெலின் மகள் படித்த பாடசாலையில் ஒரு விதி இருந்தது. தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே பிள்ளைகள் கொண்டுவரலாம் என்பதே அது. தந்தையார் பித்தளையினால் ஒரு சின்னஞ்சிறு வீதி உருளை இயந்திரத்தைச் செய்து, தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். அவ்வெண்ணத்திலிருந்தே 1953 இல் ‘மச்பொக்ஸ்’ வரிசை பிறந்தது. ஒன்று முதல் எழுபத்தைந்து வரை இலக்கமிடப்பட்ட இச்சிறு வண்டிகள் கிழக்கு இலண்டனின் ஹக்னிப் பகுதியிலிருந்து உலகெங்கும் சென்றன. லிவர்பூலில் உருவான ‘டிங்கி’, 1956 இல் தோன்றிய ‘கோர்கி’ ஆகியனவும் இவற்றோடு ஒப்பப் புகழ் பெற்றவை. டிங்கியின் லிவர்பூல் தொழிற்சாலை 1979 இல் மூடப்பட்டது. லெஸ்னி நிறுவனம் 1982 இல் கடன் சுமையினால் வீழ்ந்து, வேறு கைகளுக்கு மாறியது.

நிறங்கள் வேறுபட்டது ஏன்?

இதனை அறிய, வண்டி செய்யப்படும் முறையை முதலில் அறிதல் வேண்டும். துத்தநாகத்துடன் சிறிதளவு அலுமினியம் முதலியன சேர்ந்த கலவையை உருக்கி, உருக்கினாலான அச்சினுள் அழுத்தத்துடன் செலுத்துவர். வெளிவரும் உடற்பகுதியின் பிசிறுகளை நீக்கிச் சுத்தம் செய்து, வர்ணத்தை விசிறி, சூட்டில் உலர்த்துவர். அதன் பின்னரே கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் பகுதியையும் இருக்கைகளையும் உள்ளே வைத்து, அடித்தட்டைப் பொருத்தித் தறையாணியின் தலையை நசுக்கி இறுக்குவர். முதலில் வர்ணம், பின்னர் பொருத்துதல் என்னும் இவ்வொழுங்கை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்க. போலியைக் கண்டுபிடிக்கும் திறவுகோல் இதுவே.

நிற வேறுபாடுகள் தோன்றும் காரணங்கள் பல. விற்பனையை நோக்கி நிறுவனமே நிறத்தை மாற்றுவதுண்டு. மச்பொக்ஸ் 46 ஆம் இலக்கப் ‘பிக்போர்ட்ஸ்’ வீட்டுச் சாமான் வண்டி முதலில் கருநீலத்திலும் பின்னர் பச்சையிலும் வந்தது. வேறொரு வணிக நிறுவனத்தின் விளம்பரத்துக்காகச் சிறு தொகை செய்யப்படுவதும் உண்டு. அதே வண்டி ‘பீல்ஸ் பீல்சன்ஸ்’ என்னும் கடையின் பெயரோடு வெளிர் மண்ணிறத்தில் வெளிவந்தது. எந்த நிறம் அழகாக இருக்குமெனப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட சில மாதிரிகளும் தொழிற்சாலையை விட்டு வெளியேறிவிடும்.

சேகரிப்போர் பெரிதும் தேடுபவற்றுள் 13 ஆம் இலக்க ‘டொட்ஜ்’ இழுவை லொறியும் ஒன்று. வழமையான லொறிக்குச் சாரதிக் கூடு மஞ்சள், பின்பகுதி பச்சை. இவ்விரு நிறங்களும் இடம் மாறி, கூடு பச்சையாகவும் பின்பகுதி மஞ்சளாகவும் அமைந்தவை மிகச் சிலவே. 36 ஆம் இலக்க ‘ஒப்பெல் டிப்ளொமற்’ கார் பொன்னிறத்தில் ஏராளமாக விற்பனையாயிற்று. கடற்பச்சை நிறத்திலோ அதனைக் காண்பது அரிது.

அரியது எது, அரியதல்லாதது எது?

வழமைக்கு மாறான நிறமெல்லாம் அரிய நிறமன்று. கோர்கி நிறுவனம் 1965 இல் வெளியிட்ட ஜேம்ஸ் பொண்ட் கார் இதற்குத் தக்க சான்றாகும். திரைப்படத்தில் வந்த ‘அஸ்ரன் மார்ட்டின்’ காரின் நிறம் வெள்ளி. விளையாட்டுக் காரும் வெள்ளி நிறத்தில் இருப்பின் வர்ணம் பூசாத வெறும் உலோகம் போலத் தோன்றும் எனக் கருதி, நிறுவனத்தார் பொன்னிறம் பூசினர். படத்துக்கு மாறான நிறமாயினும், அக்கார் இலட்சக்கணக்கில் விற்பனையானது. எனவே, நிறத்தின் புதுமையை அன்றி, அந்நிறத்தில் எத்தனை வெளிவந்தன என்பதையே கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

வர்ணத்தை ஒவ்வொரு முறை கலக்கும்போதும் சற்றே கூடிக் குறைந்து வருவது இயல்பு. இத்தகைய மென்மையான சாயல் வேறுபாட்டைத் தனி நிறமெனக் கருதலாகாது. வெயில் படும் யன்னலோரம் பல்லாண்டுகள் இருந்த சிவப்புக் கார் வெளிறிச் செம்மஞ்சளாகத் தோன்றுவதும் உண்டு. அவ்வாறான வேளைகளில் வெயில் புகாத உட்புறத்தை நோக்குக. அங்கே பழைய சிவப்பு அப்படியே இருக்குமாயின், நிறத்தை மாற்றியது தொழிற்சாலையன்று, கதிரவனே எனத் தெளியலாம்.

போலியை அறியும் வழிகள்

நல்ல வெளிச்சமும் பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தாற் போதும். பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க.

1. தறையாணி: துளையிட்ட தடமோ, பசையோ, திருகாணியோ காணப்படின், வண்டி பிரிக்கப்பட்டுள்ளது.

2. வர்ணம் உதிர்ந்த இடம்: அதன் ஓரத்தில் ஒரு நிறத்தின் கீழ் இன்னொரு நிறம் தெரிகிறதா? பழைய காயத்தின் பள்ளத்தினுள் புதிய வர்ணம் இறங்கியுள்ளதா? ஆம் எனில் மறுபூச்சு என ஐயுறுக.

3. நுண்ணிய கோடுகள்: கதவின் கோடுகளும் முகப்புச் சட்டகமும் கூர்மையாக இருத்தல் வேண்டும். தடித்த மறுபூச்சு அவற்றை மூடிவிடும்.

4. கண்ணாடியின் ஓரம்: வர்ணம் பூசிய பின்னரே பிளாஸ்ரிக் பொருத்தப்படும் என்றோம். ஆகவே கண்ணாடியின் மீதோ அடித்தட்டின் விளிம்பின் மீதோ உடலின் வர்ணம் படிந்திருப்பின் அது பிற்காலக் கைவேலை.

5. காலப் பொருத்தம்: மச்பொக்ஸ் வண்டிகளின் சில்லுகள் முதலில் உலோகமாகவும், பின்னர் சாம்பல்நிறப் பிளாஸ்ரிக்காகவும், அதன்பின் கறுப்பாகவும் மாறின. விரைந்தோடும் ‘சுப்பர்பாஸ்ற்’ சில்லுகள் 1969 இல் வந்தன. முற்காலத்து நிறமும் பிற்காலத்துச் சில்லும் ஒரே வண்டியில் இருப்பின் காரணத்தை ஆராய்க.

இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. அனைத்தும் ஒரே திசையைக் காட்டும்போதே உறுதி பிறக்கும். விலை மிகுந்ததாயின், வாங்கும் முன்னர் அனுபவம் வாய்ந்த ஒருவரிடம் காட்டுவதே நன்று.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

வீட்டில் பழைய வண்டிகள் இருப்பின், புதிதாக்கும் ஆசையால் வர்ணம் பூசிவிடாதீர்கள். உதிர்ந்த பழைய வர்ணத்துக்கு உள்ள மதிப்பு, பளபளக்கும் புதிய பூச்சுக்கு இல்லை. மெல்லிய தூரிகையால் தூசி தட்டினாற் போதுமானது. பெட்டி இருந்தால் அதனையும் பேணுக.

விளையாடி மகிழ மறுபூச்சுச் செய்வதிற் குற்றமில்லை. ஆனால், அதனைத் தொழிற்சாலை நிறமெனச் சொல்லி விற்பது வஞ்சகமாகும். இன்று ஒருவர் மறைக்கும் உண்மையினால், நாளை ஒரு சிறுவன் தான் சேமித்த பணம் முழுவதையும் இழக்கக்கூடும். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது நம் முன்னோர் வாக்கு. கையில் எடுத்துப் புரட்டி, அடித்தட்டையும் ஆணியையும் பார்த்து, ‘ஏன்’ என்று வினவும் பழக்கம் பிள்ளைகளிடம் வேரூன்றுமாயின், அது விளையாட்டு வண்டியோடு நின்றுவிடாது. நாளை அவர்கள் படிக்கும் செய்தியையும், கேட்கும் வாக்குறுதியையும் அவ்வாறே புரட்டிப் பார்க்கும் அறிவைத் தரும்.