ஏரியில் நிற்பது ஃபிளமிங்கோவா? முதலில் மூக்கைப் பாருங்க!

சேலம், நாமக்கல் பக்கம் ஏதாவது ஓர் ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, அதில் நீளக் கால்களோடு ஒரு பறவைக் கூட்டம் இறங்கினால் போதும். நடுவே எங்காவது இளஞ்சிவப்பு தெரிந்துவிட்டால், ‘நம்ம ஊருக்கு ஃபிளமிங்கோ வந்தாச்சு’ என்று ஸ்டேட்டஸ் போட கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க. பெரும்பாலும் அது மஞ்சள் மூக்கு நாரையாகத்தான் இருக்கும்.

இந்த நாரைக்கு உடம்பு வெள்ளை, நெஞ்சில் கறுப்புப் பட்டை, முகத்தில் ஆரஞ்சு. வால் பக்கம் மட்டும் ரோஸ் சாயம் கொட்டின மாதிரி இருக்கும். தூரத்திலிருந்து பார்த்து ஏமாறுவது அந்த ரோஸைப் பார்த்துத்தான். மூக்கைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். நாரையின் மஞ்சள் அலகு நீளமாக வந்து நுனியில் மட்டும் லேசாகக் கீழே வளையும். ஃபிளமிங்கோவின் அலகோ, யாரோ பிடித்து மடக்கிவிட்ட மாதிரி பாதியிலேயே கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். பறவை மரத்தில் உட்கார்ந்திருக்கிறதா? அப்போ அது ஃபிளமிங்கோ இல்லை. நாரை மரத்தில் கூடு கட்டும். ஃபிளமிங்கோ சேற்றைக் குவித்து மேடு கட்டி, அதன் மேல் வழக்கமாக ஒரே ஒரு முட்டை இடும்.

தமிழில் இதற்குப் பூநாரை என்று பெயர். பெயரில் நாரை இருந்தாலும் இது நாரைக் குடும்பம் இல்லை. மரபணு ஆய்வுகளின்படி இதன் நெருங்கிய சொந்தம், நம் ஊர்க் குளங்களில் ‘டபக்’கென்று மூழ்கி எழும் முக்குளிப்பான். நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்!

உலகில் பூநாரை இனங்கள் 6. இந்தியாவில் இரண்டு: பெரிய பூநாரை, சிறிய பூநாரை. பெரியது நான்கு அடிக்கு மேல் வளரும். சிறியது மூன்று அடிக்குள்தான். ஆனால் உயரத்தை மட்டும் நம்ப முடியாது, பக்கத்தில் ஒப்பிட ஆள் இருக்காதே. இங்கேயும் மூக்குதான் கை கொடுக்கும். பெரிய பூநாரையின் அலகு வெளிர் ரோஸ், நுனி மட்டும் கறுப்பு. சிறியதன் அலகு கருஞ்சிவப்பு, தூரத்திலிருந்து முழுக்கக் கறுப்பாகவே தெரியும். உடம்பு நிறம் பெரியதற்கு வெள்ளை கலந்த ரோஸ், சிறியதற்கு இன்னும் அடர்த்தி. குஞ்சுகளும் இளம் பறவைகளும் சாம்பல், பழுப்பு நிறத்தில்தான் இருக்கும்; ரோஸ் ஏற சில வருஷம் ஆகும்.

அந்த ரோஸ் எங்கிருந்து வருகிறது? நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோழித் தீவனத்தில் மஞ்சள் மக்காச்சோளம் சேர்த்தால் முட்டைக் கருவின் மஞ்சள் கூடும். காரணம், அதிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள். பூநாரையிலும் அதே வகை நிறமிகள்தான் வேலை செய்கின்றன, கருவுக்குப் பதில் இறகில். சிறிய பூநாரை பெரும்பாலும் சாப்பிடுவது நுண்பாசி; கடைகளில் மாத்திரையாக விற்கிறார்களே ஸ்பைருலினா, அந்த வகை. பெரிய பூநாரை சேற்றிலுள்ள உப்புநீர் இறால், பூச்சிகள், சிப்பிகள், விதைகள் என்று கலந்து சாப்பிடும். இரண்டும் தலையைக் கவிழ்த்து, அலகைச் சல்லடையாக்கி, தண்ணீரை வடிகட்டும். அதனால்தான் அலகுக்கு அந்த மடக்கு.

அழிந்துவரும் இனமா?

உணவில் உள்ள இந்த வித்தியாசம்தான் இரண்டின் தலைவிதியையும் பிரிக்கிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் பெரிய பூநாரை ‘கவலை குறைந்த’ பிரிவில் இருக்கிறது. ஆப்பிரிக்கா, தெற்கு ஐரோப்பா, ஆசியா என்று பரவிக் கிடக்கும் பறவை அது. சிறிய பூநாரையோ ‘அச்சுறுத்தலை நெருங்கும்’ பிரிவில். எண்ணிக்கை லட்சக்கணக்கில் இருந்தும் ஏன் இந்தக் கவலை? அது வழக்கமாக இனப்பெருக்கம் செய்யும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தான்சானியாவின் நேட்ரான் ஏரி, தெற்கு ஆப்பிரிக்காவில் சில உப்பளப் பரப்புகள், நம் குஜராத்தின் கட்ச் ரண் பகுதி. நேட்ரான் ஏரிக்கரையில் சோடா உப்பு ஆலைத் திட்டம் வந்தபோது உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது இதனால்தான். அந்த ஓர் ஏரி கெட்டால் ஒரு கண்டத்தின் பறவைக்கே ஆபத்து.

‘கவலை குறைந்தது’ என்ற முத்திரையைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடவும் முடியாது. அது உலகக் கணக்கு. கோடியக்கரைக்கு வரும் கூட்டம் குறைந்தால் அந்த முத்திரை மாறப்போவதில்லை. மேட்டூரைத் தாண்டி, மோகனூர் வழியாக ஓடும் காவிரி கடைசியில் பிரிந்து பரவும் டெல்டாவின் தென்முனைதான் கோடியக்கரை. அந்தச் சதுப்புநிலம் 2002 முதல் ராம்சர் தளம். அங்கே நன்னீரும் உப்பும் எந்த அளவில் கலக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் பூநாரையின் சாப்பாடு. நன்னீர் வரத்து, உப்பளம், இறால் பண்ணை என எது மாறினாலும் அது அலகுக்குத் தெரிந்துவிடும்.

தமிழக அரசு 2025 ஜூனில் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரிய பூநாரை சரணாலயமாக அறிவித்தது. கவலை இல்லாத பறவைக்கு எதற்குச் சரணாலயம் என்று கேட்டவர்களும் உண்டு. மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகளுக்கு அந்தச் சேற்றுப் பரப்பு ஒரு சாப்பாட்டுக் கடை. பூநாரையின் பெயரைச் சொல்லி மற்ற பறவைகளுக்கும் சேர்த்தே இடம் பிடித்திருக்கிறார்கள். நல்ல தந்திரம்தான். இடம் மட்டும் போதாது என்பதும் உண்மை. 2024 மே மாதம் மும்பையில் விமானம் மோதி சுமார் 40 பூநாரைகள் ஒரே இரவில் செத்தன.

அப்போ சேலத்துக்கு வரவே வராதா?

அப்படிச் சொல்ல முடியாது. மகாராஷ்டிராவின் பிக்வான், உஜனி அணையின் பின்பகுதி. கடலிலிருந்து வெகு தொலைவு. அங்கே தண்ணீர் வற்றி சேறு தெரியும் நாட்களில் பெரிய பூநாரைகளைப் பார்க்கவே கூட்டம் போகிறது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கும் இவை வந்திருக்கின்றன. ஆழமில்லாத, அகலமான சேற்றுப் பரப்பு கிடைத்தால் உள்ளூரிலும் இறங்கும்.

அதனால் மூக்கனேரியிலோ தூசூர் ஏரியிலோ சந்தேகமான பறவையைப் பார்த்தால், முதலில் படம் எடுங்க. அலகும் காலும் தெரியும்படி பக்கவாட்டில், கரையிலிருந்தே. டிரோன் வேண்டாம், மிரண்டால் மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும், தண்ணீரில் ஓடித்தான் எழும்பும் இந்தப் பறவைக்கு ஒவ்வொரு தடவையும் சக்திச் செலவு. பிறகு தேதி, இடத்தோடு இ-பேர்டில் ஏற்றலாம். அபூர்வமான பதிவு என்றால் அங்கே சரிபார்ப்பவர்கள் ஆதாரம் கேட்பார்கள். அவர்கள் பெரிதாக்கிப் பார்ப்பதும் அந்த மூக்கைத்தான்.