கரவதியிலிருந்து ஸ்ரீரங்கம் வரை

இசைக் கருவி ஒவ்வொன்றுக்கும் சமுதாயம் ஓர் இடத்தை வகுத்து வைத்திருக்கிறது. வீணை என்றால் கூடமும் சபையும் நினைவுக்கு வருகின்றன; நாதஸ்வரம் என்றால் கோயில் வாயிலும் கல்யாணப் பந்தலும் நினைவுக்கு வருகின்றன. இவ்வாறு வகுக்கப்பட்ட இடத்திலிருந்து ஒரு கருவியை எடுத்து வந்து, சபையின் நடுவே வைத்து, "இதைத் தனியே அமர்ந்து கேளுங்கள்" என்று சொல்ல முற்படும் கலைஞரின் வாழ்க்கை எத்தகையது? அவர் எதைக் கற்கிறார், எதைத் துறக்கிறார், எதை விட்டுச் செல்கிறார்? ஹைதராபாத்திலும் செகந்தராபாத்திலும் வாழும் தமிழர்களாகிய நமக்கு இந்த வினாக்களோடு நெருங்கிய தொடர்பு உண்டு. அது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

மேனாட்டுச் சங்கீதத்தில் பாசூன் என்றொரு வாத்தியம் இருக்கிறது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு இச்சொல் ஒரு சிறு சங்கடம். இதற்குத் தமிழில் வழக்குப் பெயர் கிடையாது. ஆயினும் பொருளைக் கண்ணால் கண்டால், நம்முடைய நாதஸ்வரத்தின் தூரத்து உறவு என்பது விளங்கிவிடும். இரண்டு இதழ்களாக அமைந்த நாணலை உதட்டில் வைத்து ஊத, அவ்விதழ்கள் அதிர்ந்து ஒலி பிறக்கிறது. ஊதும் முனையில் குறுகியும் மறு முனையை நோக்கி வரவர விரிந்தும் செல்லும் மரக் குழல் அவ்வொலியைப் பெருக்குகிறது. இரண்டு கருவிகளுக்கும் அடிப்படை இதுதான்.

வேற்றுமைகளும் உண்டு. பாசூனின் குழலை நேராக நீட்டினால் ஏறத்தாழ எட்டு அடி நீளம் இருக்கும். அதனை மடித்து ஏறத்தாழ நாலரை அடி உயரத்துக்குள் அடக்கியிருக்கிறார்கள். கைவிரல்கள் எட்டாத துளைகளை மூடித் திறக்க இருபதுக்கும் மேற்பட்ட உலோக விசைகள் பொருத்தப்பட்டுள்ளன. நாதஸ்வரத்திலோ ஒரு விசைகூட இல்லை. விரல்களுக்கு ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே, சுருதிக்கு ஏற்ப மெழுகால் அடைக்கவோ திறந்து வைக்கவோ கூடிய ஐந்து துளைகள். சுரங்களுக்கு இடைப்பட்ட நுட்பங்களும் கமகங்களும் விரலைப் பாதி எடுப்பதாலும், உதட்டின் அழுத்தத்தாலும், மூச்சின் அளவாலுமே பிறக்க வேண்டும். ஆச்சா மரத்தால் ஆன உலவு, உலோகக் கெண்டை, அதன்மேல் காவிரிக் கரை நாணலைப் பதப்படுத்திச் செய்த சீவாளி, கீழே அணசு என்பன அதன் உறுப்புகள். உலவு வருஷக்கணக்கில் உழைக்கும்; சீவாளி உழைக்காது. ஆகவேதான் வாத்தியத்தில் மாற்றுச் சீவாளிகளைச் சரமாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பதைக் காண்கிறோம். அது அலங்காரமன்று, அவசியம். ஐரோப்பியப் பாசூன்காரர்களும் தங்கள் நாணலைத் தாங்களே சீவிச் சரிசெய்துகொள்ளும் வழக்கமுள்ளவர்கள்.

தனி வாத்தியமாகத் தலைநிமிர இவ்விரு கருவிகளும் பட்ட பாடு வேறுவேறு வகையானது. பாசூன் பெரிய வாத்தியக் குழுவின் நடுவே அமர்ந்து, கீழ் ஸ்தாயியில் மற்றவற்றுக்கு ஆதாரமாக நிற்பது. அதன் குரல் மென்மையானது. உரத்த கருவிகளுக்கிடையே எளிதில் அமிழ்ந்துவிடும். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் விவால்டி இதற்கென 39 தனி வாத்திய உருப்படிகளை இயற்றினார். மோட்ஸார்ட் 1774-இல் தம் பதினெட்டாவது வயதில் ஒன்று இயற்றினார். இருந்தும், வயலினையோ பியானோவையோ போலத் தனிக் கச்சேரியையே வாழ்வாகக் கொண்ட பாசூன் கலைஞர்கள் அங்கும் அரியவர்களே. அவர்களுள் ஒருவரான ஜெர்மானியர் கிளாஸ் டூனமான் 1937-இல் பிறந்தவர். பியானோ பயின்று, பதினெட்டாவது வயதில்தான் பாசூனைக் கையில் எடுத்தார். 1962 முதல் 1978 வரை ஹாம்பர்க் நகரத்து வானொலி வாத்தியக் குழுவில் முதன்மைப் பாசூன்காரராக இருந்தார். அதன் பின்னரே தனிக் கலைஞராகவும் ஆசிரியராகவும் வாழ்வை அமைத்துக்கொண்டார். பதினாறு ஆண்டுகள் பிறருக்கு நடுவே அமர்ந்திருந்த பிறகே தனியிடம் கிட்டிற்று.

நாதஸ்வரத்தின் இடர் இதற்கு நேர்மாறானது. அதன் குரல் உரத்தது. நான்கு வீதிகளிலும் சுவாமி புறப்பாட்டை அறிவிக்க வேண்டிய கருவிக்கு அந்த உரம் தேவை. அதனாலேயே அது வெளியில் நின்று வாசிக்கத் தகுந்தது, உள்ளே அமர்ந்து கேட்கத் தகுந்ததன்று என்ற எண்ணம் பரவிற்று. கல்யாணத்தில் வித்வான் ராகத்தை விஸ்தரித்துக் கொண்டிருப்பார். "கெட்டிமேளம்" என்று குரல் எழுந்தவுடன் அந்த ராகம் நடுவிலேயே நின்றுவிடும். மாங்கல்ய தாரணம் ஆனபின், விட்ட இடத்தை யார் கேட்டார்கள்? மணிக்கணக்கில் ராகம் வாசிக்கும் வித்தை படைத்தவரும், பந்தலில் சமையலுக்கும் அலங்காரத்துக்கும் அடுத்தபடியான ஓர் ஏற்பாடாகவே எண்ணப்பட்டார்.

இந்நிலையை மாற்றியவர்களில் முதலிடம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு உரியது. 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்த அவர், குட்டையான திமிரி நாதஸ்வரத்துக்குப் பதிலாக, நீளமும் ஆழ்ந்த நாதமும் உடைய பாரி நாதஸ்வரத்தை வழக்கில் நிலைநிறுத்தினார். நரசிங்கம்பேட்டையின் ஆச்சாரிகள் அதற்கேற்ற கருவிகளைச் செய்து கொடுத்தனர். நாதம் தாழ்ந்ததும் சபை அருகே வந்தது. வித்வானுக்கு மேடையும் ஆசனமும் மரியாதையும் வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இசைத்தட்டும் வானொலியும் அவருடைய தோடியைக் கோயில் வீதிகளுக்கு அப்பாலும் கொண்டு சென்றன. வடக்கே காசியில் பிஸ்மில்லா கான் ஷெனாய்க்குச் செய்ததும் இதை ஒத்ததே. அரண்மனை வாயில்களிலும் மணவீடுகளிலும் ஒலித்த அந்தக் கருவி அவரால் கச்சேரி மேடையின் கருவியாயிற்று.

இனி, இக்கட்டுரையின் நாயகருக்கு வருவோம். ஷேக் சின்ன மௌலானா 1924-ஆம் ஆண்டு மே மாதம் ஒங்கோலுக்கு அருகில் கரவதி என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தின் குண்டூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் அது ஆந்திர மாநிலமாயிற்று. 1956-இல் ஹைதராபாத்தைத் தலைநகராகக் கொண்ட ஆந்திரப் பிரதேசமாயிற்று. 1970-இல் புதிதாக அமைக்கப்பட்டு, 1972-இல் பிரகாசம் என்று பெயரிடப்பட்ட மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. 2014-இல் தெலங்கானா பிரிந்தபின் நம் நகரத்துக்கு அயல் மாநிலமாயிற்று. ஊர் ஓரிடத்திலேயே இருக்க, எல்லைகள் மட்டும் அதைச் சுற்றி நகர்ந்துகொண்டிருந்தன.

கரவதி, சிலகலூரிப்பேட்டை முதலான பகுதிகளில் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக நாதஸ்வரம் வாசித்து வந்திருக்கின்றன. கோயில் உற்சவங்களிலும் இந்துக்களின் மணவீடுகளிலும் வாசிப்பது அவர்களுக்குக் குலத்தொழில். தந்தை காசிம் சாகிபிடமும், பின்னர் சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிபிடமும் சின்ன மௌலானா பயின்றார். அவ்வட்டாரத்து வாசிப்பில் தேர்ந்து, பெயரும் பெற்றார். அத்துடன் நின்றிருந்தாலும் அது ஒரு நிறைவான வாழ்வாகவே இருந்திருக்கும்.

அவர் நிற்கவில்லை. ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு அவருடைய மனத்தை ஈர்த்திருந்தது. அந்த நீண்ட ராக ஆலாபனையும், அவசரமற்ற பிடிகளும், நாதத்தின் நிறைவும் தஞ்சை மண்ணின் பயிற்சி என்பதை உணர்ந்த அவர், நாச்சியார்கோயில் சகோதரர்களான ராஜம் பிள்ளை, துரைக்கண்ணு பிள்ளை ஆகியோரிடம் மாணவராகச் சேர்ந்து பயின்றார். இதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஊதத் தெரியாத சிறுவன் குருவிடம் போவது எளிது. தமக்கென ஒரு பாணி, ஒரு பெயர், ஒரு வருவாய் எல்லாம் அமைந்த பிறகு, மொழியும் ஊரும் வேறான இடத்துக்குச் சென்று, விரலையும் மூச்சையும் மறுபடி பழக்குவது எளிதன்று. பழகிய கை பழைய வழியிலேயே போகத் துடிக்கும். அதைத் தடுத்துப் புதிய வழியில் திருப்புவதற்கு, கற்றதை வைத்துக்கொண்டே கல்லாதவர் போல அமரும் பணிவு வேண்டும்.

1960-களில் அவர் ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். நாதஸ்வரம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இசை வேளாளர் குடும்பங்களின் கலை. அங்கே, தெலுங்கு நாட்டிலிருந்து வந்த ஒரு முஸ்லிம், அரங்கநாதர் உறையும் ஊரிலேயே வீடு அமைத்து, தஞ்சைப் பாணியின் சிறந்த பிரதிநிதிகளுள் ஒருவராக மதிக்கப்பட்டார். வாதம் செய்து அந்த இடத்தை அவர் பெறவில்லை, வாசித்துப் பெற்றார். 1977-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சென்னை மியூசிக் அகாடமியின் 1998-ஆம் ஆண்டுக்குரிய சங்கீத கலாநிதி பட்டமும் அவரை அடைந்தது. அடுத்த ஆண்டு, 1999 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

விருதுகளைவிட நெடுநாள் பயன் தரும் காரியம் ஒன்றையும் அவர் செய்தார். ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம் என்ற பயிற்சிக் கூடத்தை 1982-இல் நிறுவினார். அங்கே பயின்றவர்களில் ஷேக் மஹபூப் சுபானி, காலீஷாபி மஹபூப் என்ற தம்பதியரும் அடங்குவர். ஆந்திர நாட்டிலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் தங்கிய இவ்விருவருக்கும் 2020-ஆம் ஆண்டுக்குரிய பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆண்களே பெரும்பான்மையாக இருந்து வந்த இத்துறையில், ஒரு பெண்மணி கணவரோடு சமமாக அமர்ந்து வாசித்து இப்பெருமையை அடைந்தது மற்றொரு சிறப்பு. சின்ன மௌலானாவின் பேரர்களான காசிமும் பாபுவும் அவர் வழியில் வாசித்து வருபவர்கள்.

இந்த வாழ்க்கை நமக்குச் சொல்லும் செய்தி என்ன? ஊரைவிட்டு வந்தவர்களாகிய நாம், "இங்கே எல்லாம் எங்கே கிடைக்கப் போகிறது? அதெல்லாம் ஊரோடு போயிற்று" என்று அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். கலை மண்ணில் முளைத்திருப்பது, அம்மண்ணை விட்டால் வாடிவிடும் என்பது நம் எண்ணம். காவிரிக்கரை நாணல் காவிரிக்கரையில்தான் வளர்கிறது என்பது உண்மையே. ஆனால் வாசிப்பு நாணலைப் போன்றதன்று. அது தேடிச் சென்றவரிடம் சேர்கிறது, உழைத்தவரிடம் தங்குகிறது, கற்பிப்பவரிடமிருந்து பரவுகிறது. கரவதியிலிருந்து நாச்சியார்கோயிலுக்குச் சென்றவர் அதனைப் பெற்றார். நாச்சியார்கோயிலுக்கு அருகிலேயே பிறந்தும் கேளாதவர்கள் அதனை இழந்தார்கள்.

ஹைதராபாத்தில் நமது நிலையை எண்ணிப் பார்ப்போம். 1950-இல் இந்நகர வானொலி நிலையம் அகில இந்திய வானொலியின் அங்கமாயிற்று. தென்னாட்டு நிலையங்கள் காலையில் ஒலிபரப்பிய மங்கள இசையைக் கேட்டு எழுந்த தலைமுறையினர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். செகந்தராபாத் பத்மராவ் நகரின் ஸ்கந்தகிரி முருகன் கோயில் போன்ற இடங்கள் நம்மை ஒன்றுகூட்டி வந்துள்ளன. தெலுங்கில் சன்னாயி என்றும் டோலு என்றும் வழங்கும் மேளம் இங்கே நமக்கு அந்நியமானதன்று. நம் வீட்டுக் கல்யாணத்தில் வந்து வாசிப்பவர் தெலுங்கு பேசுபவராயினும், அவர் எடுக்கும் ராகமும் தியாகராஜர் கீர்த்தனையும் நமக்கு உரியவையே.

ஆனால் அவர் வாசிப்பதை நாம் கேட்கிறோமா என்பதே கேள்வி. மேளத்துக்குப் பதிலாக ஒலிப்பதிவைப் போட்டுவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. பதிவு செய்த நாதஸ்வரம் சீவாளி மாற்றக் கேட்காது, காப்பி கேட்காது, பிரயாணச் செலவும் கேட்காது. அதோடு, அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கவும் செய்யாது. வாய்ப்பு அருகும்போது, வித்வான் தம் பிள்ளையை வேறு தொழிலுக்கு அனுப்புகிறார். பத்தாண்டுக் காலம் பயிற்சி வேண்டிய ஒரு கலையில், ஒரு தலைமுறை விட்டுப்போனால் மறு தலைமுறையில் அதை மீட்பது அரிது.

இதற்கு நாம் செய்யக்கூடியது பெரிய காரியமன்று. அடுத்த கல்யாணத்துக்கு மேளம் பேசும்போது, முகூர்த்தத்துக்கு முந்திய மாலையில் ஒரு மணி நேரம் தனிக் கச்சேரிக்கும் சேர்த்துப் பேசலாம். ஒலிபெருக்கியை அவர் காதருகே வைக்காமல் விலக்கி வைக்கலாம். வித்வானுக்கும் தவில்காரருக்கும் மேடையில் நல்ல இருக்கை அமைக்கலாம். ராகம் தொடங்கியதும் குழந்தைகளை அழைத்து முன்வரிசையில் அமர்த்தி, "இது கல்யாணி, இது தோடி" என்று காதில் சொல்லலாம். ராகத்தின் பெயர் நமக்கே தெரியாவிடில், வாசித்து முடித்த பின் வித்வானிடமே கேட்கலாம், மகிழ்ச்சியோடு சொல்வார். கோயில் கமிட்டிகள், ஆண்டுக்கு ஒரு முறையேனும், புறப்பாட்டு மல்லாரியோடு நில்லாமல் நாதஸ்வரத் தனிக் கச்சேரி ஒன்று வைக்கலாம்.

கருவிக்கு வகுக்கப்பட்ட இடத்தைக் கலைஞர் ஒருவர் தனியே மாற்றிவிட முடியாது. அவர் சபையின் நடுவே வந்து அமரும்போது, எதிரே அமர்ந்து கேட்க நாலு பேர் வேண்டும். சின்ன மௌலானாவுக்கு ஸ்ரீரங்கத்தில் அத்தகையோர் கிடைத்தார்கள். இந்நகரத்து வித்வான்களுக்கு அந்த நாலு பேராக நாம் இருப்போமாக.