புல்தரையில் எறும்புப் புற்று: பவுடர் தூவியும் திரும்ப வருவது ஏன்?

அபார்ட்மென்ட் புல்தரையில் குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடுறாங்க. திடீர்னு ஓர் அலறல். பாதமெல்லாம் சிவந்த தடிப்பு. உடனே எறும்புப் பவுடர் வாங்கித் தூவுறோம். நாலு நாள் அமைதி. அஞ்சாம் நாள், இரண்டடி தள்ளி புதுசா ஒரு மண் குவியல்! பவுடர் போலியா? இல்லை. அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை.

மேலே தெரிவது யார்?

வெளியில் திரிபவை வேலைக்கார எறும்புகள். மொத்தக் கூட்டத்தில் இவை ஒரு சிறு பகுதிதான். முட்டையிடும் ராணி மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கும். ஐரோப்பியத் தோட்டங்களில் காணப்படும் ஒரு கறுப்பு எறும்பு இனத்தின் ராணி, ஆய்வுக்கூடத்தில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. ராணி இருக்கும்வரை, நாம் மேலே கொல்வதற்கெல்லாம் ஈடு வந்துகொண்டே இருக்கும்.

கொதிக்கிற தண்ணீர் ஊத்தலாமா?

ராணி வரை சூடு இறங்கும் என்பது நிச்சயமில்லை. புல்லின் வேர் வெந்துபோகும் என்பது நிச்சயம். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம்: மண்ணும் கெடும், தீ ஆபத்தும் உண்டு.

அப்போ என்னதான் வழி?

எறும்புக்கு 'பொது வயிறு' ஒன்று உண்டு. குடித்த இனிப்பு நீரை அதில் சேமித்து, புற்றுக்குப் போய் மற்ற எறும்புகளுக்கு வாயோடு வாயாக ஊட்டும். அப்படியே கைமாறி ராணிக்கும் போகும். இதைத்தான் நாம் பயன்படுத்திக்கணும்.

• வெதுவெதுப்பான தண்ணீர் 100 மி.லி., சர்க்கரை 10 கிராம், போரிக் பவுடர் 1 கிராம் (சுமார் கால் டீஸ்பூன்). நன்றாகக் கரையுங்கள்.
• பஞ்சில் நனைத்து, ஓட்டை போட்ட மூடி டப்பாவில் வைத்து, எறும்பு போகும் வரிசையோரம் வையுங்கள்.
• சில நாளுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றுங்கள். பலன் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகலாம்.

பவுடரைக் கூட்டினால் சீக்கிரம் சாகுமே என்று நினைக்காதீங்க. தூக்கிப்போகும் எறும்பு வழியிலேயே செத்தால் ராணிக்கு எதுவும் போகாது. அந்த நாட்களில் பக்கத்தில் ஸ்ப்ரேயும் அடிக்கக் கூடாது.

கவனம்: இது குழந்தைகளுக்கும் செல்லப் பிராணிகளுக்கும் விஷம். டப்பாவை இறுக மூடி, மேலே எழுதி ஒட்டுங்கள். மிச்சத்தைப் புல்லில் ஊற்றினால் புல் கருகும்.

எல்லாத்தையும் ஒழிக்கணுமா?

வேண்டாம். கடிக்காத பிள்ளையார் எறும்பு மண்ணைத் துளைத்துக் காற்றோட்டம் தருகிறது, அதை விட்டுவிடலாம். குழந்தைகள் விளையாடும் இடத்துச் செவ்வெறும்புதான் நம் குறி. செடியில் வரிசையாக ஏறினால் இலையின் அடியைப் பாருங்கள். அசுவினியோ மாவுப்பூச்சியோ சுரக்கும் இனிப்புக்காகத்தான் வருகின்றன. தண்ணீரைப் பீய்ச்சி அதைக் கழுவினாலே வரவு குறையும்.

2022-ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை சுற்றுக் கிராமங்களைப் படுத்திய மஞ்சள் எறும்பு வேறு ரகம். ஒரே கூட்டத்தில் பல ராணிகள் இருக்கும் என்பதால், வீட்டு வைத்தியம் அதற்குப் போதாது. வேளாண் துறைக்குச் சொல்லுங்கள்.

எப்போது மருத்துவமனை?

வெறும் தடிப்பு என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் போதும். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.