பித்தளையைப் பிளக்கும் வாயு

மீன்பிடித் துறைமுகம் ஒன்றின் அருகே ஐஸ் கம்பெனியில் பிட்டராக வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். உப்புக் காற்றில் இரும்பு வால்வுகள் துருப்பிடித்துக்கொண்டே இருக்கின்றனவாம். துருவே பிடிக்காத பித்தளை வால்வைப் போட்டால் என்ன என்று முதலாளி கேட்கிறாராம். கூடாது என்று இவருக்குத் தெரிகிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை.

அவர் சொல்வதுதான் சரி. ஐஸ் கம்பெனியில் குளிரூட்டுவது அம்மோனியா. அது ஓடும் வழியில் செம்பு, பித்தளை, வெண்கலம், நாகமுலாம் எதுவும் இருக்கக் கூடாது. கொஞ்சம் ஈரமும் காற்றும் சேர்ந்தால் போதும், அம்மோனியா செம்பைக் கரைக்கும். பள்ளி ஆய்வகத்தில் மயில்துத்தக் கரைசலில் அம்மோனியா விட்டதும் வருமே ஓர் அடர் நீலம், அது கரைந்த செம்பும் அம்மோனியாவும் கைகோத்த நிறம்.

கரைவது மெதுவாக நடக்கும், கண்ணிலும் படும். பித்தளை சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விடுவதுதான் பயங்கரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவம் இதில் வெகுகாலம் திணறியது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டா உறைகளை மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் நீளவாக்கில் வெடித்திருக்கும். யாரும் சுடவில்லை, கீழே போடவும் இல்லை. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர்தான் இதைத் தெளிவாக விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஒரு காரணம். தகட்டை இழுத்து உறையாக்கும்போது உலோகத்துக்குள்ளேயே தங்கிவிட்ட இழுவிசை இன்னொன்று. எங்கள் மொட்டைமாடியில் விறைப்பாகக் கட்டிய கொடிக்கயிற்றில் பிளேடு லேசாகப் பட்டாலே அறுந்துவிடும். தொய்வாகத் தொங்கும் கயிற்றுக்கு அதே கீறல் ஒன்றும் செய்யாது. உறைகளை மிதமாகச் சூடாக்கி உள்விசையைத் தளர்த்தியதும் வெடிப்பு நின்றது. ஆனால் வால்வை ஸ்பேனர் போட்டு இறுக்காமல் மாட்ட முடியாது. மாட்டிய நிமிடமே அது விறைத்த கயிறுதான்.

ஈரமில்லாத அம்மோனியா பித்தளையை ஒன்றும் செய்யாதே என்று சிலர் வாதாடுவார்கள். இதில் எனக்கு மிகப் பிடித்த ஒரு முரண் உண்டு. சுத்தமான திரவ அம்மோனியாவில் காற்று கலந்தால் எஃகும் விரிசல் விடும். அதைத் தடுக்க, உரத்துக்காக எஃகுத் தொட்டிகளில் கொண்டுபோகும் அம்மோனியாவில் வேண்டுமென்றே குறைந்தது 0.2 சதவீதம் தண்ணீர் சேர்க்கிறார்கள். எஃகைக் காக்கும் அதே தண்ணீர் பித்தளைக்கு எமன். இரண்டையும் ஒரே குழாயில் வைத்துக் காப்பாற்ற வழியில்லை.

வால்வின் உடல் எஃகாக இருந்துவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்கக் கூடாது. சாதாரண பிரஷர் கேஜுக்குள் வளைந்திருக்கும் குழல் செம்புக் கலவையில் செய்தது. அம்மோனியாவுக்கென்று எஃகுக் குழல் வைத்த கேஜ் தனியாக விற்கிறது. கசிவைத் தடுக்கும் ஓ-ரிங்கில் வைட்டான் ரப்பர் பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் அருமையானது, விலையும் அதிகம். அம்மோனியாவில் அது கெட்டுப்போகும். அதைவிட மலிவான நியோப்ரீன் தாங்கும், டெஃப்ளானும் தாங்கும். விலை கூடினால் தரம் கூடும் என்ற கணக்கு இங்கே உதவாது.

அவசரத்துக்குப் பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டும் பழக்கத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 30 டிகிரி வெயிலில் திரவ அம்மோனியா வளிமண்டலத்தைப் போல 11 மடங்குக்கு மேலான அழுத்தத்தோடு குழாய்க்குள் நிற்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாய் கசிந்தபோது பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். அங்கே காரணம் வேறாக இருக்கலாம், வாயு இதேதான். ஐஸ் கம்பெனிகளும் மீனவர் வீடுகளை ஒட்டித்தானே நிற்கின்றன? பிட்டர் கூடாது என்றால் முதலாளி கேட்க வேண்டும். இரண்டு மூன்று எஃகு வால்வுகளை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் அவசரம் என்ற பேச்சே எழாது.

துருவுக்கு மருந்து பெயிண்ட். வசதி இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குளிர்க்குழாயைச் சுற்றிய உறைக்குள் ஈரம் தேங்கி யாருக்கும் தெரியாமல் அரிப்பதுதான் பெரிய துரு, அதை அவ்வப்போது பிரித்துப் பாருங்கள். கடைக்காரர் எஃகு என்று சொன்னாலும் நம்பிவிட வேண்டாம். நிக்கல் முலாம் போட்ட பித்தளையும் வெள்ளையாகத்தான் மினுங்கும். மாட்டுவதற்கு முன் ஓரத்தில் அரத்தால் ஓர் இழுப்பு இழுங்கள், மஞ்சள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.