தோல்வியும் பொறுமையும்: கூடைப்பந்தாட்டக் கழகம் ஒன்றின் மறுமலர்ச்சி

வென்றவர் மேலும் வெல்வதும் தோற்றவர் மேலும் தோற்பதும் உலகியல்பு. ஆட்டக்களத்தில் இவ்வியல்பு முற்றுமாயின் போட்டியே சுவையற்றுப்போம். அதனைத் தடுக்கவே ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் 'வீரர் தெரிவு' என்னும் முறையைக் கைக்கொண்டது.

ஆண்டுதோறும் புதிதாய் வரும் இளம் வீரரைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும். பின்தங்கிய கழகங்களுக்கு முன்னுரிமை உண்டு. முதலிடம் பெறும் பொருட்டு வேண்டுமென்றே தோற்பாரும் தோன்றக்கூடுமாதலின், 1985ஆம் ஆண்டில் திருவுளச்சீட்டு முறை புகுத்தப்பட்டது. கடைசிக் கழகத்துக்கு நூற்றுக்கு 25 வீதமாயிருந்த வாய்ப்பு, 2019இல் கடைசி மூன்று கழகங்களுக்கும் 14 வீதமாகச் சமப்படுத்தப்பட்டது.

அங்ஙனமாயின், தோற்றுக்கொண்டே காத்திருத்தல் மட்டும் போதுமா? பிலடெல்பியாக் கழகம் 2013 தொடக்கம் மூன்று பருவங்களில் ஆடிய 246 ஆட்டங்களுள் 47இலேயே வென்றது. யோயல் எம்பீட் போன்ற சிறந்த வீரர் அதனாற் கிடைத்தனர். எனினும், அத்திட்டத்தை வகுத்த முகாமையாளர் 2016இல் பதவி துறந்தார். 2017இல் முதலாவதாகத் தெரிந்தெடுக்கப்பட்ட வீரர் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 2025 வரை இறுதிக்கட்டப் போட்டிகளின் இரண்டாஞ் சுற்றை அக்கழகம் கடக்கவுமில்லை.

ஒக்லகோமா நகரக் கழகத்தின் வரலாறு வேறு. 2019இல் அது போல் ஜோர்ஜ் என்னும் புகழ்பெற்ற வீரரை விட்டுக்கொடுத்து, ஓராண்டு அனுபவமே பெற்றிருந்த ஷே கில்ஜஸ் அலெக்சாந்தரையும் வருங்காலத்து முதற்சுற்றுத் தெரிவுரிமைகள் ஐந்தையும் பெற்றது. நிகழ்காலப் புகழைக் கொடுத்து எதிர்காலத்தை வாங்கிய வாணிகம் அது. விலையோ சிறிதன்று: 2020-21இல் 72 ஆட்டங்களில் 22 வெற்றி, அடுத்த பருவத்தில் 82இல் 24. அக்காலத்தும் மார்க் டேக்னோ என்னும் பயிற்றுநர் மாற்றப்படவில்லை. 2022இல் இரண்டாவதாகத் தெரிவுசெய்யப்பட்ட செற் ஹொம்கிறென் காற்காயத்தால் ஒரு பருவம் முழுவதும் ஆடவில்லை. அவருக்காகவும் கழகம் காத்திருந்தது. அவ்வாண்டே, முன்பு பெற்ற உரிமைகளுள் ஒன்றால் ஜேலன் வில்லியம்ஸ் 12ஆவதாக வந்து சேர்ந்தார். எக்கழகமும் தெரிந்தெடாது விட்ட லூ டோட்டும் இங்கே சிறந்த தடுப்பாட்ட வீரராய் வளர்ந்தார்.

வெற்றிகள் 40, 57, 68 என ஆண்டுதோறும் பெருகின. 2025இல் இந்தியானாக் கழகத்தை நான்குக்கு மூன்று என வென்று, ஒக்லகோமா வாகை சூடியது.

இவ்விரு கழகங்களும் தோல்வியைப் பொறுத்தனவே. ஆயின், தெரிவுரிமை என்பது விதை மாத்திரமே. விதை கிடைத்தபின் நிலத்தைப் பண்படுத்தலும், முளையை அடிக்கடி பிடுங்கிப் பாராமையும் உழவன் கடன். வாளாவிருத்தல் பொறுமையாகாது, பயன் தோன்றாத நாளிலும் செய்வன திருந்தச் செய்தலே பொறுமையாம்.