கொறங்காட்டில் மாடும் புல்லும்

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் மேய்ச்சலுக்கென்றே விடப்பட்ட மானாவாரி நிலம் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரங்கள், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். இங்கே எந்தச் செடி நிலைக்கும், எது ஒதுங்கும் என்பதை மழைக்கு அடுத்தபடியாகத் தீர்மானிப்பவை மாடும் ஆடும்தான்.

பெரும்பாலான செடிகளுக்கு வளர்முனை உச்சிக் கொழுந்தில் இருக்கிறது. புல்லுக்கோ அது மண்ணை ஒட்டிய தூரில் இருப்பதால், நுனி போனாலும் இலை அடியிலிருந்து நீளும், பக்கத்தில் புதுத் தூர் வெடிக்கும். கடிக்கும் விதமும் முக்கியம். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. நாக்கால் புல்லை வளைத்துச் சுருட்டி இழுத்து அறுப்பதால், தரைக்கு மேல் சில விரற்கடைத் தாள் மிஞ்சும். செம்மறியின் மேலுதடு நடுவில் பிளந்தது. அது மண்ணோடு ஒட்டக் கொறித்துவிடும். எனவே எத்தனை உருப்படிகள் மேய்கின்றன என்பதோடு, எவை மேய்கின்றன என்பதையும் பார்க்கவேண்டும்.

கொழுக்கட்டைப் புல் பல்லாண்டுப் பயிர். கடிபட்ட தூர், புது இலை விட்டுத் தன் இருப்பை மீட்டுக்கொள்ள அவகாசம் வேண்டும். காட்டைத் துண்டு துண்டாக வேலியடைத்து, கால்நடைகளை மாற்றி மாற்றி விடும் குடியானவர்களின் வழக்கம் அந்த அவகாசத்தைத் தருகிறது. கொறங்காட்டின் உயிரே இந்த ஓய்வில்தான் இருக்கிறது. ஓய்ந்த துண்டில் கதிர் முற்றும். சுணை சூழ்ந்த விதைகள் ஆட்டின் ரோமத்தில் ஒட்டி அடுத்த துண்டுக்கும் போய்ச் சேரும்.

ஓய்வில்லாமல் மேய்ந்தால் நல்ல புல் முதலில் மெலியும். மாடு வாய் வைக்காத ஆவாரை, எருக்கு போன்றவை அந்த இடத்தைப் பிடிக்கும். இவை பெருகிய காட்டைப் பார்த்தாலே, அது அளவுக்கு மீறி மேயப்பட்டது என்று சொல்லிவிடலாம். அடியோடு மேய்ச்சலை நிறுத்துவதும் நல்லதல்ல. காய்ந்த தாள் மண்டி நிழல் கட்டும்; நரிப்பயறு போலத் தரையோடு படரும் கொடிகளுக்கு வெளிச்சம் கிடைக்காது. மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் பயறுவகைகள் இப்படிக் குறைவது பெரிய இழப்பு.

கோடையில் உதிரும் வெள்வேலங்காய்களைக் கால்நடைகள் விரும்பித் தின்கின்றன. கடினமான விதைகளில் பல செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து முளைக்கின்றன. சீமைக்கருவேலம் நுழைவதும் இதே வழியில்தான். அதன் காய் இனிப்பானது, ஆடுமாடுகள் விடுவதில்லை. வெளியே மேய்ந்துவிட்டு வரும் மந்தை அதன் விதையையும் வயிற்றில் சுமந்து வரும். வேர் ஆழமாக இறங்கிவிட்டால் அகற்றுவது கடினம் என்பதால், மழைக்குப் பின் ஈரம் காய்வதற்குள் அந்த நாற்றுகளைப் பிடுங்கிவிட வேண்டும்.